சொல்தா வீட்டு அடுப்பு

அந்த வார்த்தையை எழுத கார்குழலிக்கு மூன்று விநாடிகூட ஆகவில்லை.

'தேவையில்லை.'

குண்டு குண்டான, அழகான கையெழுத்து. ஆறாம் வகுப்பில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் ஆயிற்றே!

ஆனால், எழுதியிருக்கவே கூடாது.

நடந்தது இதுதான்.

புயல் கரையைக் கடந்து இரண்டு நாள் ஆகிவிட்டது. மழையும் ஓய்ந்துவிட்டது. தண்ணீர்தான் போகவில்லை. புதுச்சேரியின் உப்பளம் பகுதியில் ஓடையை ஒட்டி இருந்த அந்தச் சந்தில் முழங்கால் வரை கறுப்புத் தண்ணீர். எல்லா வீட்டிலும் அடுப்பு மூழ்கிவிட்டது. குழலியின் தம்பி செம்மலின் ஒற்றைச் செருப்பு சந்து முனை வரை மிதந்து போய்விட்டு, மறுபடியும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

அன்று காலை சந்து முனையில் ஒரு வேன் வந்து நின்றது. நிவாரணக் குழுவின் வேன். அதிலிருந்து இறங்கிய அன்புசெல்வி அக்கா, பேன்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு தண்ணீரில் சளக் சளக்கென்று நடந்து வந்தாள்.

"வீட்டுக்கு எத்தனை பேர்னு ஒரு லிஸ்ட் வேணும். அந்தக் கணக்குக்குத்தான் ரெண்டு வேளையும் சாப்பாட்டுப் பொட்டலம் வரும். எழுத்து அழகா இருக்கிற பிள்ளை யாரு?"

"எங்க குழலி!" என்று அம்மா ஆதிலட்சுமி வாயைத் திறப்பதற்குள் சந்தே சொல்லிவிட்டது.

குழலிக்குப் பெருமை தாங்கவில்லை. பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நோட்டைத் தலைக்கு மேல் பிடித்தபடி வீடு வீடாகப் போனாள்.

"எத்தனை பேர்?"

"நாலு. வயித்துல ஒண்ணு இருக்கு. அதையும் சேத்து எழுது கண்ணு."

"இங்க எத்தனை பேர்?"

"மூணு பேரு, ஒரு நாயி."

முப்பத்தொரு வீடு முடிந்தது. மிச்சம் ஒன்று. சந்தின் கோடியில் இருந்த மாடி வீடு. குழலி அதன் இரும்புக் கேட்டில் கை வைத்தாள்.

"ஏம்மா குழலி! அங்க எங்க போற?"

ராஜாங்கம் மாமாவின் குரல். ஆட்டோ ஓட்டுகிறவர். அவருடைய ஆட்டோ சீட் வரை தண்ணீரில் கிடந்தது. அவரோ வாசலில் மேசை போட்டு, மேசை மேல் நாற்காலி போட்டு, ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். இரண்டு நாளாக அவர் கீழே இறங்கவில்லை.

"லிஸ்ட் எழுதப் போறேன் மாமா."

"அது சொல்தா வீடும்மா! அவங்களுக்கு எதுக்குப் பொட்டலம்?"

புதுச்சேரியில் சொல்தா என்றால் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து, பல வருஷம் இருந்துவிட்டு, ஓய்வு பெற்று ஊர் திரும்பியவர்கள். மாதா மாதம் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். சொல்தா வீடு என்றாலே பணக்கார வீடு என்று ஊருக்கே ஒரு நினைப்பு.

அந்த மாடி வீட்டைக் கட்டிய தெய்வநாயகம் தாத்தா அப்படி ஒரு சொல்தா. அவர் காலமாகி இரண்டு வருஷம். இப்போது அவருடைய மகள் செந்தமிழ்ச்செல்வியும் பேத்தி தேவிப்பிரியாவும்தான் இருந்தார்கள். செந்தமிழ்ச்செல்வியைச் சந்தில் எல்லோரும், மேடம் என்பதைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்வது போல, 'மதாம்' என்பார்கள். தினமும் காலையில் ஒரு கம்பெனி வேன் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போகும். தேவிப்பிரியா குழலியின் பள்ளிக்கூடம்தான். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள். கர்வம் என்று குழலி முடிவு கட்டியிருந்தாள்.

கேட்டில் கை வைத்தபடி குழலி யோசித்தாள். சந்தே தன்னைப் பார்க்கிறது. ஏதாவது சொன்னால் நன்றாக இருக்கும்.

சொன்னாள். சத்தமாகவே சொன்னாள்.

"ஆமா மாமா! அவங்களுக்குத்தான் பிரான்ஸ்லேர்ந்து ஏரோப்பிளேன்ல ரொட்டி வருமே! மொட்டை மாடியில நின்னு கேட்ச் புடிச்சுக்குவாங்க!"

சந்து குலுங்கிச் சிரித்தது. ராஜாங்கம் மாமா சிரித்த சிரிப்பில் நாற்காலி ஆடி, தண்ணீரில் விழத் தெரிந்து தப்பித்தார். அம்மாகூடச் சிரித்தாள்.

குழலி கேட்டைத் திறக்கவே இல்லை. முப்பத்திரண்டாவது வரியில் 'தேவையில்லை' என்று எழுதினாள்.

நோட்டை மூடிவிட்டு நிமிர்ந்தபோது, மாடி ஜன்னலின் திரை அசைந்தது.

காற்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

ஆனால் காற்று அடிக்கவில்லை.

மறுநாள் மதியம் சாம்பார் சாதப் பொட்டலம் வந்தது. அன்புசெல்வி அக்கா பெயரைப் படிக்க, குழலி எடுத்துக் கொடுத்தாள். நூற்றுப் பதினாறு பொட்டலம். எல்லாம் கொடுத்து முடித்து, தன் பொட்டலத்தோடு குழலி வீட்டுக்கு வந்தபோது செம்மல் கட்டில் மேல் உட்கார்ந்து விரலை நக்கிக்கொண்டிருந்தான். அதற்குள் தின்று தீர்த்துவிட்டான்!

"அக்கா, சொல்தா வீட்டு அக்கா நல்ல அக்கா."

"ஏன்டா?"

"நான் அவங்க வீட்டுப் படியில உக்காந்துதான் சாப்பிட்டேன். அந்தப் படி காஞ்சிருக்கு. அந்த அக்கா வந்து, 'இன்னைக்கு என்ன சோறு?'ன்னு கேட்டுச்சு. சாம்பார் சோறுன்னேன். 'உருளைக்கிழங்கு போட்டிருக்காங்களா?'ன்னு கேட்டுச்சு. பெருசு பெருசா இருக்குன்னேன். 'சூடா இருக்கா?'ன்னு கேட்டுச்சு. லேசா அடிப்புடிச்ச வாசனை வருதுன்னேன். அதுக்கு, 'அடிப்புடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்'னுச்சு."

குழலியின் கை பொட்டலத்தின் நூலில் அப்படியே நின்றது.

"அப்புறம்?"

"அப்புறம் நான் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பாத்துட்டே இருந்துச்சு. வேற ஒண்ணும் கேக்கல."

வயிறு நிறைந்தவர்கள் அடுத்தவர் சோற்றைப் பற்றி இத்தனை கேள்வி கேட்பார்களா?

குழலி பிரிக்காத பொட்டலத்தை எடுத்துக்கொண்டு மறுபடியும் தண்ணீரில் இறங்கினாள்.

"எங்கடி போற? சாப்ட்டுட்டுப் போ!" என்று அம்மா கத்தினாள்.

"இதோ வந்துடறேம்மா!"

நேற்று திறக்காத இரும்புக் கேட்டை இன்று திறந்தாள். க்ரீச்சென்று சத்தம் போட்டது. ஊருக்கே கேட்டிருக்கும்.

கீழ்வீட்டுக்குள்ளும் தண்ணீர். எட்டிப் பார்த்தாள். சமையலறை மூழ்கிக் கிடந்தது. அரிசி டின் கவிழ்ந்து, ஊறிப்போன அரிசி சுவரோரமாக வெள்ளை வெள்ளையாய் மிதந்தது. பணக்கார வீட்டுத் தண்ணீரும் தங்கள் வீட்டுத் தண்ணீர் மாதிரியே நாறுவதைப் பார்த்து அவளுக்கு ஆச்சரியம்.

மாடிப்படி ஏறினாள். மேலே தேவிப்பிரியா நின்றிருந்தாள்.

"என்ன?"

"சும்மாதான். நீ... சாப்பிட்டியா?"

"சாப்ட்டாச்சு."

"என்ன சாப்பிட்ட?"

தேவி கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"சாம்பார் சாதம். உருளைக்கிழங்கு பெருசு பெருசா இருந்துச்சு. லேசா அடிப்புடிச்ச வாசனை. ஆனா நல்லாத்தான் இருந்துச்சு."

செம்மல் சொன்ன அதே வார்த்தைகள்! அவன் சாப்பிட்ட சோற்றை இவள் வார்த்தையால் சாப்பிட்டிருக்கிறாள்.

தேவியின் தோளுக்குப் பின்னால் அறை தெரிந்தது. சுவரில் பட்டாள உடுப்பில் தாத்தாவின் படம். கீழே மேசை. மேசையில் ஒரு பிஸ்கட் பாக்கெட். அதில் நாலே நாலு பிஸ்கட் இருக்கும். வாயை மடித்து, ரப்பர் பேண்ட் போட்டுப் பத்திரமாக வைத்திருந்தது.

குழலி பொட்டலத்தை நீட்டினாள்.

"இது கூடுதலா வந்துச்சு. அதான்..."

அந்தப் பொய் அவள் காதுக்கே பொய்யாகக் கேட்டது.

உள்ளேயிருந்து தேவியின் அம்மா வந்தார். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. ஆனால் குரல் அமைதியாக இருந்தது.

"வேணாம்மா. எங்க பேர்தான் லிஸ்ட்ல இல்லையே. இன்னொருத்தர் பங்கை வாங்கக் கூடாது. நீ கொண்டுபோய்ச் சாப்பிடு."

"இல்ல அத்தை, நான்..."

"நீதானே எழுதின?" என்றாள் தேவி. "கேட்டைக்கூடத் திறக்காம? நான் ஜன்னல்லேர்ந்து பாத்தேன். எங்களைப் பத்திக் கவலைப்படாதே. ஏரோப்பிளேன் வரும்ல, ரொட்டி போடும். மொட்டை மாடியில நின்னு புடிச்சுக்கறோம்."

"தேவி!" என்று அதட்டினார் அம்மா.

"என்னம்மா? பென்ஷன்தான் தாத்தா இறந்த மாசமே நின்னுடுச்சே. அது இவங்க யாருக்காவது தெரியுமா? கேட்டாங்களா?"

"தேவி, உள்ளே போ!"

கதவு மூடிக்கொண்டது.

குழலி படியில் நின்றாள். காது இரண்டும் சுட்டன. முகம், கழுத்து, எல்லாமே சுட்டன. எத்தனை படி இறங்கினாள் என்றே தெரியவில்லை. எத்தனை படி இறங்கினாள் என்றே தெரியவில்லை.

சாயங்காலம் வரை அந்தப் பொட்டலம் பிரிக்கப்படவே இல்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"காய்ச்சல் இல்லையே. அப்புறம் ஏன்டி இப்பிடி உக்காந்திருக்கே?"

குழலி சொன்னாள். பிஸ்கட் பாக்கெட்டையும் சொன்னாள். ரப்பர் பேண்டையும் சொன்னாள். அதைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது.

அம்மா முந்தானையால் அவள் கண்ணைத் துடைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்:

"நானும்தான் சிரிச்சேன்."

"நாளைக்கு லிஸ்ட்ல அவங்க பேரைச் சேத்துடட்டுமாம்மா?"

"சேத்துட்டு? நாளைக்கு எல்லார் முன்னாடியும் 'சொல்தா வீடு, ரெண்டு பொட்டலம்'னு படிப்பாங்க. சந்தே திரும்பிப் பாக்கும். அந்தப் பொண்ணு வந்து வாங்குவாளா?"

வாங்கமாட்டாள். குழலிக்குத் தெரியும். அவளாக இருந்தாலும் வாங்கமாட்டாள்.

"அவங்க பசியை யார்கிட்டேயும் சொல்லாதம்மா" என்றாள் குழலி. "ராஜாங்கம் மாமாகிட்டகூட."

"சொல்லல. ஆனா நீ என்ன பண்ணப் போறே?"

அதுதான் குழலிக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அன்புசெல்வி அக்கா வந்ததும் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள்.

"இனிமே பொட்டலம் வராது."

"ஐயையோ!" என்றது சந்து.

"இருங்க, முழுசாக் கேளுங்க. தேங்காய்த்திட்டுல படகெல்லாம் உடைஞ்சு கிடக்கு. எங்க சமையல் வண்டி அங்க போகுது. ஆனா உங்களை வெறுங்கையோட விடமாட்டோம். ஒரு வாரத்துக்கு அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் வேன்ல இருக்கு. பெரிய கேஸ் அடுப்பும் அண்டாவும் இருக்கு. நீங்களே சேர்ந்து ஆக்கிக்கணும். அடுப்பு வைக்க ஒரு காஞ்ச இடம் வேணும். நூத்திப் பதினாறு பேருக்கு ஆக்கத் தெரிஞ்ச ஒரு ஆள் வேணும்."

"ஆளுக்கு நான் இருக்கேன்!" என்று நாற்காலியிலிருந்தே கை தூக்கினார் ராஜாங்கம் மாமா. "கல்யாணச் சமையல்காரர்கூட ரெண்டு வருஷம் இருந்திருக்கேன்."

"வெங்காயம் உரிச்சீங்க" என்றது ஒரு குரல். சிரிப்பு கிளம்பியது.

குழலி சிரிக்கவில்லை. நோட்டை இறுக்கிப் பிடித்திருந்தாள். இப்போது சொல்லாவிட்டால் எப்போதுமே சொல்ல முடியாது.

"நூத்திப் பதினெட்டு" என்றாள்.

"என்னம்மா?"

"நூத்திப் பதினாறு இல்லக்கா. நூத்திப் பதினெட்டு."

அன்புசெல்வி அக்கா நோட்டை வாங்கிப் பார்த்தாள். "இதுல பதினாறுதானே வருது?"

எல்லாக் கண்ணும் குழலி மேல். முந்தாநாள் இதே கண்களுக்காகத்தான் அவள் ஜோக் அடித்தாள். இன்று அதே கண்களைப் பார்க்க முடியவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"கடைசி வீட்டுல நான் கேக்கவே இல்லக்கா. கேட்டைக்கூடத் திறக்கல. கேக்காமலே தேவையில்லைன்னு எழுதிட்டேன். அவங்களைக் கிண்டல் வேற பண்ணினேன். தப்பு என்னுதுதான்."

அவ்வளவுதான் சொன்னாள். பிஸ்கட் பற்றி ஒரு வார்த்தை இல்லை.



தொப்!

ராஜாங்கம் மாமா மேசையிலிருந்து தண்ணீரில் குதித்திருந்தார். நாலு நாளில் முதல் தடவை!

"அந்தப் பிள்ளையை ஏன் எல்லாரும் முறைச்சுப் பாக்குறீங்க? போகாதேன்னு சொன்னது நான். இத்தனை வயசாகி எனக்குத் தோணலையே, ஒரு வார்த்தை கேட்டா என்னன்னு" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "இப்போ எந்த மூஞ்சியை வச்சிக்கிட்டு அந்த மதாமைப் பாக்குறது?"

"நான் பாக்குறேன் மாமா" என்றாள் குழலி. "சந்துலேயே காஞ்ச இடம் அவங்க மாடி வராந்தா ஒண்ணுதான். நான் போய்க் கேக்குறேன். நீங்க எல்லாரும் கேட்டுக்கு வெளியே நில்லுங்க."

க்ரீச். கேட் மறுபடியும் கத்தியது.

தேவி கதவை அரைவாசிதான் திறந்தாள்.

"இன்னிக்கு என்ன கூடுதலா வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. கேக்க வந்தேன். எல்லார் முன்னாடியும் உங்க வீட்டைப் பத்திச் சொல்லிட்டேன்."

தேவியின் முகம் வெளுத்தது. கதவைப் பிடித்திருந்த விரல்கள் இறுகின.

"என்ன சொன்ன?"

"நான் கேக்காம எழுதினேன்னு சொன்னேன். என் தப்பை மட்டும்தான் சொன்னேன். வேற எதுவும் சொல்லல. சத்தியமா."

தேவி அவளையே பார்த்தாள். விரல்கள் மெல்லத் தளர்ந்தன.

குழலி உள்ளே எட்டி, "அத்தை!" என்று கூப்பிட்டாள். "எங்க யார் வீட்டுலேயும் காஞ்ச இடம் இல்ல அத்தை. அரிசி வந்திருக்கு, அடுப்பு வந்திருக்கு, வைக்க இடம் இல்ல. உங்க வராந்தாவைத் தருவீங்களா? இல்லைன்னா இன்னிக்கு சந்துல யாருக்குமே சோறு இல்ல."

இதில் பொய் எதுவும் இல்லை.

செந்தமிழ்ச்செல்வி வராந்தாவுக்கு வந்து கீழே பார்த்தார். கேட்டுக்கு வெளியே முழங்கால் தண்ணீரில் சந்தே நின்றிருந்தது. முன்னால் ராஜாங்கம் மாமா, தலையைக் குனிந்துகொண்டு.

"யாரு ஆக்கப்போறது?"

"நான்தான் மதாம்."

"எத்தனை கிலோ அரிசி போடுவீங்க?"

"அது வந்து... ஒரு... ரெண்டு மூட்டை?"

"ரெண்டு மூட்டையா? அதை ஆக்கினா உப்பளமே சாப்பிட்டாலும் மிஞ்சும்! மொத்தம் எத்தனை பேர்?"

"நூத்திப் பதினெட்டு!" என்றாள் குழலி.

"பன்னிரண்டு கிலோ அரிசி போதும். மூணு கிலோ பருப்பு. புளியை இப்பவே ஊறப் போடுங்க."

ராஜாங்கம் மாமா வாயைப் பிளந்தார். "உங்களுக்கு எப்பிடி மதாம் தெரியும்?"

"சேதராப்பட்டுல ஒரு கம்பெனி கேன்டீன்ல தினமும் இருநூறு பேருக்கு ஆக்கறேன். இப்போ அங்கேயும் தண்ணி. வேலை இல்லை, கூலியும் இல்லை."

"கேன்டீனா! தினமும் கம்பெனி வேன்ல போறீங்களே, மேனேஜர்னு இல்ல நெனைச்சோம்!"

"வேன்ல ஏறினா மேனேஜரா? அப்போ உங்க ஆட்டோவுல ஏறுறவங்க எல்லாம் யாரு, கலெக்டரா?"

இந்தத் தடவை சந்து சிரித்தபோது செந்தமிழ்ச்செல்வியும் சிரித்தார். தேவி மட்டும் சிரிக்கவில்லை. படியின் உச்சியில் வந்து நின்று இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"யாரும் செருப்போட மாடி ஏறக் கூடாது. கால் கழுவிட்டுத்தான் ஏறணும்."

"கழுவுறோம் தாயே" என்றார் ராஜாங்கம் மாமா. "எந்தத் தண்ணில கழுவறது? இதுலயா?"

அதன்பிறகு அந்த வீடு வேறு வீடாகிவிட்டது. அடுப்பு மேலே ஏறியது. அண்டா ஏறியது. ஆறு பேர் அரிசி களைந்தார்கள். ராஜாங்கம் மாமா வெங்காயம் உரித்தார். உரித்து, அழுது, மூக்கைச் சிந்தி, "பழைய வேலையே கெடச்சிடுச்சு" என்றார். செந்தமிழ்ச்செல்வி கரண்டியோடு நடுவில் நின்று, "தீயைக் குறை! பருப்பைக் கிளறு! யாரது வேடிக்கை பாக்குறது?" என்று அதட்டிக்கொண்டே இருந்தார். யாரும் அவரை மதாம் என்று கூப்பிடவில்லை. "யக்கா, உப்பு எவ்வளவு?", "யக்கா, இது போதுமா?" என்று எல்லோருக்கும் அவர் அக்காவாகிவிட்டார்.

குழலிக்கும் தேவிக்கும் காய்கறி வேலை. எதிரெதிரே உட்கார்ந்தார்கள். பேசவில்லை. குழலி கேரட் நறுக்கினாள். தேவி உருளைக்கிழங்கு தோல் சீவினாள்.

ஒரு தடவை குழலி நிமிர்ந்தபோது, தேவியின் கை சட்டென்று நீண்டு, ஒரு கேரட் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டது. இன்னொன்று. இன்னொன்று.

குழலி திரும்பி, வானத்தில் ஏதோ ரொம்ப முக்கியமான பறவை பறப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. வெங்காயம் பக்கத்தில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

பகல் ஒரு மணிக்கு அண்டாவிலிருந்து கமகமவென்று மணம் கிளம்பியது. வரிசை கீழே கேட் வரை நின்றது. நூற்றுப் பதினெட்டு பேருக்கும் பரிமாற இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். ஆக்கிய வீட்டுக்காரர்கள் கடைசியில்தான் சாப்பிடுவார்கள்.

இன்னும் ஒரு மணி நேரமா?

குழலி எழுந்து ஒரு தட்டை எடுத்தாள். நேராக அண்டாவிடம் போனாள்.

"அத்தை, உப்பு பாக்கணும்ல? தேவி பாக்கட்டும்."

செந்தமிழ்ச்செல்வி குழலியைப் பார்த்தார். ஒரு நொடிதான். பிறகு கரண்டியால் அள்ளி வைத்தார். இன்னொரு கரண்டி. உருளைக்கிழங்காகத் தேடி எடுத்து இன்னும் ஒன்று.

குழலி தட்டைத் தேவியின் முன்னால் வைத்தாள்.

"உப்பு பாரு."

"உப்பு பாக்க இவ்வளவா?"

"கொஞ்சமா சாப்ட்டா சரியாத் தெரியாது."

தேவி குனிந்தாள். முதல் வாய் மெதுவாகப் போயிற்று. இரண்டாவது வாய் வேகமாக. அப்புறம் எண்ண முடியவில்லை. தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லை.

"என்னம்மா தேவி, உப்பு எப்பிடி?" என்று வரிசையிலிருந்து ராஜாங்கம் மாமா கேட்டார்.

தேவி தட்டை மறுபடியும் நீட்டினாள்.

"இன்னும் சரியாத் தெரியல மாமா."

வரிசை சிரித்தது. அது யாரையும் குத்தாத சிரிப்பு.

பரிமாறிக்கொண்டிருக்கும்போதே அன்புசெல்வி அக்கா தேங்காய்த்திட்டிலிருந்து எட்டிப் பார்க்க வந்தாள். கால் கழுவிவிட்டுத்தான் மேலே விட்டார்கள். ஒரு தட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தவள், "எங்க வேன் வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாள் என்ன பண்ணுனீங்க?" என்று கேட்டாள்.

அவரவர் வீட்டில் இருந்த பொரியையும் பிஸ்கட்டையும் அவரவர் நினைத்துக்கொண்டார்கள்.

"அடுத்த புயலுக்கும் நாங்க வர ரெண்டு நாள் ஆவும். அதான் கேட்டேன்."

செந்தமிழ்ச்செல்வி கரண்டியைக் கீழே வைத்தார்.

"அடுப்பும் அண்டாவும் இங்கேயே இருக்கட்டும். மழைக்காலம் வர்றதுக்கு முன்னாடி வீட்டுக்கு ரெண்டு படி அரிசி, ஒரு படி பருப்பு இந்த மாடியில கொண்டாந்து வெச்சுடுங்க. தண்ணி வந்த அன்னிக்கே உலை வெச்சுடலாம்."

"பச்சைக் குழந்தை உள்ள வீடு, வயசானவங்க உள்ள வீடு, அதெல்லாமும் தெரிஞ்சிருக்கணும்" என்றாள் அன்புசெல்வி அக்கா. "யாராவது வீடு வீடாப் போய்க் கேட்டு எழுதணும்."

எல்லோரும் குழலியைப் பார்த்தார்கள். குழலியின் காது மறுபடியும் சூடாயிற்று. "நான் வேணாம்" என்று வாய் வரை வந்துவிட்டது.

"அவளே எழுதட்டும்" என்றாள் தேவி, தட்டிலிருந்து நிமிராமல். "இனிமே ஒரு வீட்டையும் விடமாட்டா."

கூட்டம் கலைந்த பிறகு வராந்தாவில் அண்டாவும், ஈரக் கால் தடங்களும், தேவியும்தான் மிச்சம். குழலி தன் தட்டோடு தூரத்தில் நின்றாள். நேற்று மதியத்திலிருந்து அவள் ஒன்றும் சாப்பிடவில்லை.

"தேவி, நான் அன்னிக்கு..."

"சொல்லாதே" என்றாள் தேவி. "நான் கோவமா இருக்கேன். இன்னும் நாலு நாளைக்கு எங்கிட்ட பேசாதே."

"சரி."

"பேசாதேன்னா, 'சரி'யும் சொல்லக் கூடாது."

குழலி தலையாட்டினாள்.

தேவி கொஞ்சம் நகர்ந்து சுவரோரமாக இடம் விட்டாள்.

"ஆனா, பக்கத்துல உக்காரலாம்."

நாலு நாள்தானே! குழலி தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டிய முதல் நாளை, வாய் நிறையச் சோற்றோடு ஆரம்பித்தாள்.